சின்னத் துண்டு சொல்வது பெரிய தகட்டுக்குப் பொருந்துமா?

போன இதழில் இழுவிசைச் சோதனை பற்றி எழுதியபோது, சோதனைத் துண்டின் அளவு மாறினால் முடிவும் மாறலாம் என்று போகிறபோக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த முறை முழுக்க. எல்லாமே எஃகு, செம்பு, அலுமினியம் மாதிரி உடைவதற்கு முன் நன்றாக நீண்டு கொடுக்கிற உலோகங்களைப் பற்றியவை. கண்ணாடி, வார்ப்பிரும்பு எல்லாம் வேறு ரகம், அதை இங்கே கலக்கவில்லை.

கேள்வி: 10 மி.மீ கம்பியைவிட 20 மி.மீ கம்பி நான்கு மடங்கு சுமை தாங்குகிறது. பரப்பு நான்கு மடங்கு என்பதால் அது புரிகிறது. ஆனால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எவ்வளவு என்று பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தானே வருகிறது, அப்புறம் அளவு எங்கே குறுக்கே வருகிறது? (டிப்ளமோ மாணவி)

பதில்: நீங்கள் பார்த்தது சரி. ஒரே வார்ப்பிலிருந்து வந்த, ஒரே மாதிரி உருட்டிப் பதப்படுத்திய எஃகு என்றால் ஈல்டு வலிமையும் (உலோகம் நிரந்தரமாக நீள ஆரம்பிக்கிற இடம்) சரி, உச்ச வலிமையும் (அது தாங்குகிற அதிகபட்சம்) சரி, இரண்டு கம்பிக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும்.

காரணம் எளிமையானது. அந்த உலோகத்தின் தகைவு–திரிபு வளைகோட்டை எடுத்துப் பாருங்கள். தகைவு என்பது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எவ்வளவு சுமை, திரிபு என்பது நூற்றுக்கு எவ்வளவு நீண்டது. ஒரு அச்சில் மெகாபாஸ்கல், இன்னொரு அச்சில் சதவீதம். மில்லிமீட்டர் எங்குமே இல்லை. 1885-ல் கான்சிடேர் என்ற பிரெஞ்சுப் பொறியாளர், கம்பியில் கழுத்து (ஒரே இடத்தில் மட்டும் இளைப்பது) எப்போது விழ ஆரம்பிக்கும் என்பதற்கு ஒரு விதி சொன்னார்: இழுக்க இழுக்க உலோகம் இறுகுகிற வேகம், அந்த நேரத்தில் அதில் உள்ள உண்மைத் தகைவுக்கு (அப்போதைய இளைத்த பரப்பை வைத்துக் கணக்கிட்டது) சமமாக இறங்கும்போது. அதிலும் மில்லிமீட்டர் கிடையாது. மில்லிமீட்டரே இல்லாத விதிக்குத் துண்டு பெரியதா சிறியதா என்று தெரிய வழியே இல்லை.

ஆனால் உலோகத்துக்குள் நீளங்கள் இருக்கின்றன. உலோகத்தைக் கட்டியிருக்கும் குட்டிப் படிக மணிகளின் அளவு ஒரு நீளம். கசடுத் துணுக்குகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ஒரு நீளம். விரிசல் முனையில் உலோகம் நெகிழ்ந்து (பழைய வடிவத்துக்குத் திரும்பாதபடி உருமாறி) கிடக்கும் பகுதியின் அளவு இன்னொரு நீளம். துண்டைப் பெரிதாக்கினாலும் சின்னதாக்கினாலும் இவை கூடவே மாறுவதில்லை. எந்த நிகழ்வில் இந்த நீளங்களுக்கு வேலை இருக்கிறதோ அங்கே அளவு உள்ளே நுழைந்துவிடுகிறது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

கேள்வி: ஒரே கம்பியிலிருந்து வெட்டிய துண்டுகளை இரண்டு சோதனைக்கூடங்களுக்கு அனுப்பினோம். வலிமை ஒன்றாக வந்தது. நீட்சி மட்டும் ஒருவர் 22 சதவீதம் என்கிறார், இன்னொருவர் 29 என்கிறார். யார் பொய் சொல்கிறார்கள்? (தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்பவர்)

பதில்: யாரும் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். இரண்டு அறிக்கையிலும் கேஜ் நீளம், அதாவது நீட்சியை அளக்கத் துண்டில் முதலில் குறித்துக்கொள்ளும் நீளம், எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒன்றில் துண்டின் விட்டத்தைப்போல் 5 மடங்கும், இன்னொன்றில் 10 மடங்கும் இருந்தால் கதை அதோடு முடிந்தது.

இதை ஒருமுறை கையால் செய்து பார்த்துவிட்டால் பிறகு மறக்கவே மறக்காது. 10 மி.மீ கம்பியில் 5 மி.மீ-க்கு ஒரு கோடாக மெல்லிசாகக் கீறிவிட்டு மெஷினில் மாட்டி இழுங்கள். உச்சச் சுமை வரைக்கும் எல்லா இடைவெளியும் சேர்ந்தாற்போல் நீளும். அதற்கப்புறம் ஏதோ ஒரு இடத்தில் கம்பி இளைக்க ஆரம்பிக்கும், விரலால் தடவினாலே தெரியும். அந்த நிமிடத்திலிருந்து நீள்வதெல்லாம் அந்தக் கழுத்தில் மட்டும்தான், மற்ற இடமெல்லாம் அப்படியே நின்றுவிடும். உடைந்த இரண்டு பாதியையும் பொருத்தி வைத்து அளந்தால், தூரத்தில் உள்ள கோடுகளுக்கு நடுவே 5.75 மி.மீ இருக்கும், கழுத்தை ஒட்டிய கோடுகளுக்கு நடுவே 7, 8, 9 என்று போகும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். கம்பி முழுக்க 15 சதவீதம் நீண்டது, கழுத்து மட்டும் கூடுதலாக 7 மி.மீ கொடுத்தது என்று வைத்துக்கொள்வோம். கேஜ் நீளம் 50 மி.மீ என்றால் 7.5-உம் 7-உம் சேர்ந்து 14.5 மி.மீ, அதாவது 29 சதவீதம். 100 மி.மீ என்றால் 15-உம் 7-உம் சேர்ந்து 22. 200 மி.மீ என்றால் 18.5 சதவீதம்தான். கம்பி ஒன்று, கழுத்து ஒன்று, வகுக்கிற எண் மட்டும்தான் வேறு.

இதிலிருந்து ஒரு நல்ல வழியும் கிடைக்கிறது. கழுத்தின் நீளம் கம்பியின் விட்டத்தைப் பொறுத்தே வளர்கிறது. 20 மி.மீ கம்பி என்றால் கழுத்து 14 மி.மீ கொடுக்கும், கேஜ் நீளத்தையும் 100 மி.மீ ஆக்கிவிட்டால் மறுபடி அதே 29. ஒத்த வடிவமுள்ள துண்டுகள் ஒத்த நீட்சியையே காட்டும் என்று பார்பா என்ற பொறியாளர் 1880-லேயே சொல்லிவிட்டார். அதை வைத்துத்தான் ஐ.எஸ்.ஓ 6892-1 தரம், கேஜ் நீளம் குறுக்குப் பரப்பின் வர்க்கமூலத்தைப்போல் 5.65 மடங்கு இருக்கட்டும் என்கிறது. வட்டக் கம்பிக்கு அது சரியாக 5 விட்டம். அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம் இ8 தரத்தில் வழக்கமான வட்டத் துண்டுக்கு 4 விட்டம், 12.5 மி.மீ கம்பிக்கு 50 மி.மீ. அதனால் அதே எஃகு அந்தத் தரப்படி சோதித்தால் கொஞ்சம் கூடுதல் நீட்சி காட்டும், எஃகு ஒன்றும் நல்லதாகிவிடவில்லை.

கார்பன் எஃகுக்கும் குறைந்த கலப்பு எஃகுக்கும் ஒரு கேஜ் நீளத்து எண்ணை இன்னொன்றுக்கு மாற்ற ஐ.எஸ்.ஓ 2566-1 இருக்கிறது. உங்கள் 29-ஐ 5 விட்டத்திலிருந்து 10 விட்டத்துக்கு அதன்படி மாற்றிப் பார்த்தேன், 22 தான் வருகிறது. ஆகவே அந்த இரண்டு கூடங்களையும் விட்டுவிடுங்கள், அடுத்த முறை ஆர்டரிலேயே கேஜ் நீளத்தை எழுதிவிடுங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கேஜ் நீளம் எழுதாத ஒரு அறிக்கையை நம்பி நல்ல சரக்கு ஒரு லாரி முழுக்கத் திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வரி விட்டுப்போனதற்கு அவ்வளவு பெரிய விலை.

கேள்வி: வலிமைக்கும் அளவுக்கும் சம்பந்தமில்லை என்றால், எஃகுத் தரத்தில் தடிமன் கூடக் கூட ஏன் ஈல்டு வலிமையைக் குறைத்துப் போடுகிறார்கள்?

பதில்: நல்ல கேள்வி, பதில் சின்னது. எஸ்355 என்ற கட்டுமான எஃகுக்கு 16 மி.மீ வரை 355 மெகாபாஸ்கல், 100-லிருந்து 150 மி.மீ தடிமனுக்கு 295 தான். ஆனால் அது வடிவத்தால் வந்த விளைவு கிடையாது, தயாரிப்பால் வந்தது. தடித்த தகடு உருட்டும்போது குறைவாகவே நசுங்குகிறது, மெதுவாக ஆறுகிறது, மணிகள் பெரிதாகிவிடுகின்றன, பெரிய மணி என்றால் வலிமை குறைவு. அந்தத் தகட்டிலிருந்து 10 மி.மீ-க்கு ஒரு சின்னக் கம்பியைக் கடைந்து எடுத்துச் சோதித்தாலும் அதே குறைந்த எண்தான் வரும். ஆக, இது வேறு உலோகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அளவின் விளைவைச் சோதிக்கிறேன் என்று மெல்லிய தகட்டையும் தடித்த தகட்டையும் வாங்கி ஒப்பிடுகிறவர்கள் முதலில் வழுக்குகிற இடம் இதுதான். ஒரே தடித்த தகட்டிலிருந்து வெவ்வேறு அளவில் துண்டு எடுத்தால் மட்டுமே ஒப்பீடு நியாயமாக இருக்கும். அதிலும் மேற்பரப்புக்கு அருகிலா, நடுத்தடிமனிலா என்று குறித்து வைக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் வேலையில் 6 மி.மீ தகட்டில் சோதித்தபோது விரிசல் மெதுவாகக் கிழிந்துகொண்டு போனது. அதே எஃகு 80 மி.மீ தடிமனில் படீரென்று உடைந்துவிட்டது. முறிந்த முகம் கண்ணாடி மாதிரி தட்டை. இது எப்படி ஒரே எஃகாக இருக்க முடியும்? (ஃபேப்ரிகேஷன் இன்ஜினியர்)

பதில்: இருக்க முடியும். இந்தப் பகுதியில் நான் எழுத ஆசைப்பட்டதே இதைப் பற்றித்தான்.

முதலில் விரிசல் முனையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அங்கே உலோகம் பயங்கரமாக இழுபடுகிறது. ஒரு பக்கம் இழுத்தால் மற்ற இரண்டு பக்கமும் உள்வாங்கப் பார்ப்பது உலோகத்தின் இயல்பு. மெல்லிய தகட்டில் அதற்கு இடம் இருக்கிறது. இரண்டு முகமும் வெட்டவெளி, அதனால் தடிமன் திசையில் உலோகம் சுருங்கிக்கொள்கிறது, விரிசல் முனைக்கு எதிரே தகட்டின் முகத்தில் ஒரு சின்னப் பள்ளமே விழும். தாராளமாக நெகிழ்ந்து, ஆற்றலை நிறைய விழுங்கி, கடைசியில் 45 பாகையில் சரிந்து கிழியும்.

தடித்த தகட்டின் நடுவில் உள்ள உலோகத்துக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அதைச் சுற்றி நெகிழாத உலோகம் சுவர் மாதிரி நிற்கிறது, உள்வாங்க விடாமல் பிடித்து இழுக்கிறது. ஆக மூன்று திசையிலும் இழுப்பு. இப்படி ஆனால் உலோகம் நெகிழ்வதற்கே அதிகத் தகைவு தேவைப்படுகிறது, அதே நேரம் அதற்குள் இருக்கும் கசடுத் துணுக்குகளைச் சுற்றித் திறக்கிற நுண்துளைகள் மளமளவென்று பெருக்கின்றன. ரைஸ், ட்ரேசி என்ற இருவர் 1969-ல் கொடுத்த சமன்பாட்டின்படி, அந்தத் துளை வளர்கிற வேகம் இந்த முப்பக்க இழுப்பைப் பொறுத்து அடுக்குக்குறி விகிதத்தில் ஏறும். சாதாரண இழுவிசைக் கம்பியில் சராசரி இழுப்பு, நெகிழ்வுத் தகைவில் மூன்றில் ஒரு பங்கு. தடித்த தகட்டின் விரிசல் முனையில் அது இரண்டரை மடங்கு வரை போகும். சமன்பாட்டில் போட்டால் துளை வளர்ச்சி 25 மடங்கு வேகம். சோதனைக் கம்பியில் 30 சதவீதம் நீண்ட எஃகு அங்கே அந்த அளவு நீள நேரமே கிடைக்காமல் போய்விடுகிறது. அதற்கு மேல் குளிரும் சேர்ந்துவிட்டால், சாதாரண கட்டுமான எஃகில் துளை வளரும் வரைக்கும்கூடக் காத்திருக்காமல் மணிகள் பிளந்தே போய்விடும். உங்கள் 80 மி.மீ தகட்டின் முறிமுகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பொடிப்பொடியாக மின்னினால் அது பிளந்து முறிந்தது. மங்கலாக நார்நாராக இருந்தால் துளை வளர்ந்து முறிந்தது. இரண்டு ஓரத்திலும் சில மில்லிமீட்டர் மட்டும் சாய்ந்து உதடு மாதிரி நிற்கும், ஷியர் லிப் என்பார்கள். அதை அளந்து வையுங்கள். மெல்லிய தகட்டில் முகம் முழுக்கவே அந்த உதடுதான்.

எவ்வளவு தடித்தால் தடித்தது என்று கேட்பீர்கள். அதற்கு உலோகம் தானே ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது. விரிசல் தாங்குதிறனை (விரிசல் ஓடுவதை உலோகம் எவ்வளவு எதிர்க்கிறது என்ற எண்) ஈல்டு வலிமையால் வகுத்து வர்க்கப்படுத்தினால் ஒரு நீளம் கிடைக்கும். அதைப்போல் குறைந்தது 2.5 மடங்கு தடிமன் இருந்தால்தான், தடிமனைச் சாராத, மிகக் குறைந்த தாங்குதிறன் அளவாகும் என்பது ஏ.எஸ்.டி.எம் இ399-ல் உள்ள வழக்கமான நிபந்தனை. தாங்குதிறன் 100 மெகாபாஸ்கல்-ரூட்-மீட்டர், ஈல்டு 500 மெகாபாஸ்கல் என்றால் அந்த நீளம் 40 மி.மீ, தேவையான தடிமன் 100 மி.மீ. அணு உலைக் கலத்தின் எஃகுக்கு இப்படி அளக்கப் போய், 12 அங்குலம், அதாவது சுமார் 300 மி.மீ தடிமனுள்ள துண்டுகளை அமெரிக்காவில் உடைத்துப் பார்த்தார்கள். அவ்வளவு பெரிய துண்டை உடைக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வியிலிருந்துதான் ஜே-இன்டெக்ரல் மாதிரியான, நெகிழ்வையும் கணக்கில் எடுத்துச் சின்னத் துண்டிலேயே தாங்குதிறனை அளக்கும் முறைகள் செல்வாக்குப் பெற்றன.

இன்னொரு கணக்கும் உண்டு. தடிமன் மட்டும் இல்லாமல், விரிசலோடு சேர்த்து எல்லா அளவையும் இரண்டு மடங்காக்கினால், ஒரே தகைவில் உள்ளே சேரும் மீள்ஆற்றல் (வில் மாதிரி தேங்கும் ஆற்றல்) 8 மடங்கு. ஆனால் கிழிய வேண்டிய பரப்பு 4 மடங்குதான். பெரிய அமைப்பிடம் விரிசலை ஓட்டுவதற்கான ஆற்றல் தேவைக்கு மேல் கிடக்கிறது. சின்னத் துண்டோ விரிசல் ஓடுவதற்கு முன்பே முழுக்க நெகிழ்ந்து, கணக்குப்படி எவ்வளவு சுமை தாங்க வேண்டுமோ அதைத் தாங்கிவிடுகிறது. சின்னத் துண்டு நமக்குக் காட்டுவது நல்ல முகத்தை, இதுதான் எனக்குக் கவலை. தவறு எப்போதும் ஆபத்தான பக்கத்திலேயே சாய்கிறது.

1943 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லாந்தில், கட்டி முடித்துச் சில வாரங்களே ஆன ஸ்கெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல் துறையில் அமைதியான நீரில் நின்றபடியே நடுவில் பிளந்தது. புயல் இல்லை, மோதல் இல்லை. அதன் எஃகும் சோதனைக் கம்பியில் நீண்டு கொடுக்கிற ரகம்தான். குளிர், வெட்டுவாய்க்கு (கூரிய மூலை, பிளவு மாதிரி இடம்) ஈடுகொடுக்காத எஃகு, வெல்டிங் குறை, ஒரே துண்டாகப் பற்றவைத்த பெரிய உடல், எல்லாம் சேர்ந்துகொண்டன. விரிசல் ஒரு தகட்டோடு நிற்க அங்கே வழியில்லை, ஏனென்றால் அது பல தகடுகளாக இல்லாமல் ஒரே பெரிய துண்டாக இருந்தது.

கேள்வி: நீளமான கம்பி குட்டைக் கம்பியைவிடச் சீக்கிரம் அறும் என்று லியனார்டோ டா வின்சி சோதித்து எழுதி வைத்திருப்பதாகப் படித்தேன். தடிமன் ஒன்றாக இருந்தால் நீளத்தில் என்ன இருக்கிறது?

பதில்: கம்பியில் கூடையைத் தொங்கவிட்டு மணலைக் கொட்டிச் சோதிக்கிற குறிப்பு அவருடையதுதான். அந்தக் காலத்துக் கம்பியில் இழுத்த விதத்தால் தடிமன் ஏறி இறங்கி, கசடு, கீறல் எல்லாம் இருந்திருக்கும். நீளம் கூடினால் அதில் மோசமான ஒரு இடம் சிக்குகிற வாய்ப்பும் கூடும், சங்கிலியில் எந்தக் கண்ணி நைந்ததோ அதுதானே அறும். இந்தக் கணக்கை 1939-ல் வெய்புல் என்ற ஸ்வீடன் பொறியாளர் முறைப்படுத்தினார். கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் இது அப்படியே பொருந்தும். நன்றாக நீள்கிற இன்றைய எஃகுக் கம்பியில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் அந்த இடம் நெகிழ்ந்து சுமையைப் பக்கத்தில் தள்ளிவிடும், அதனால் உச்ச வலிமையில் நீளத்தின் பங்கு மிகக் குறைவு.

ஆனால் அறுகிற விதத்தில் நீளம் தெரியும். கழுத்து விழுந்த பிறகு, மீதிக் கம்பி முழுக்க வில் மாதிரி தேக்கிய ஆற்றல் கழுத்துக்குள் பாய்கிறது. குட்டைக் கம்பியில் சுமை நிதானமாக இறங்கும். 2 மீட்டர் கம்பியில் கழுத்து விழுந்தது கண்ணில் படுவதற்குள் "டப்" என்று அறுந்துவிடும். நீளத் துண்டு இழுக்கிற நாளில் மெஷினுக்குத் தடுப்பு வைக்காமல் பக்கத்தில் நிற்காதீர்கள்.

கேள்வி: மயிரைவிட மெல்லிய உலோக இழைகள் பெரிய கம்பியைவிடப் பலமாம், உண்மையா? காரணம் குறைகள் இல்லாததுதானா?

பதில்: உண்மை. ஆனால் எல்லாச் சோதனையிலும் இல்லை, அதுதான் இதில் சுவாரசியம். 1994-ல் 12 மைக்ரானிலிருந்து 170 மைக்ரான் வரை விட்டமுள்ள செம்புக் கம்பிகளை இழுத்தும் பார்த்தார்கள், முறுக்கியும் பார்த்தார்கள். இழுத்தபோது பெரிய வேறுபாடு இல்லை. முறுக்கியபோது, அளவைச் சரிசெய்து ஒப்பிட்டால், 12 மைக்ரான் கம்பி 170 மைக்ரான் கம்பியைப்போல் சுமார் 3 மடங்கு எதிர்த்தது. இழுக்கும்போது கம்பி முழுக்க ஒரே திரிபு. முறுக்கும்போது நடுவில் பூஜ்யம், விளிம்பில் உச்சம். கம்பி மெல்லியதாக ஆக ஆக அந்த ஏற்றம் செங்குத்தாகிறது. அந்தச் சரிவை ஈடுகட்டவே படிகத்துக்குள் கூடுதலாக டிஸ்லொகேஷன்கள், அதாவது அணு அடுக்குகளில் உள்ள பிசகுக் கோடுகள், உருவாகியாக வேண்டும். அவை ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு உலோகத்தை இறுக்குகின்றன.

இன்னும் சின்னதாகப் போனால் நிலைமை தலைகீழ். பிசகுக் கோடு நகர்வதால்தான் உலோகம் நெகிழ்கிறது. கோடே இல்லாத அளவுக்குச் சின்னதானால் நெகிழவே மறுக்கும். 1956-ல் பிரென்னர் என்ற ஆய்வாளர் சோதித்த இரும்பு இழைகளில், ஒன்றரை மைக்ரான் அளவுள்ள ஒன்று சுமார் 13 ஜிகாபாஸ்கல் தாங்கியது. சாதாரண எஃகு 0.5 ஜிகாபாஸ்கல் பக்கம். 2004-ல் நிக்கல் ஒற்றைப் படிகத்தில் மைக்ரான் அளவுத் தூண்களைச் செதுக்கி அழுத்தியபோதும் சின்னது பலமாகவே இருந்தது.

அதே நேரம் எதிர்ப்பக்கமும் உண்டு. பல மணிகள் உள்ள மெல்லிய தாளில் தடிமனுக்குக் குறுக்கே நாலைந்து மணிகள்தான் இருக்கின்றன என்றால், வலிமை குறையவும் செய்யும். ஓரத்தில் உள்ள மணிக்கு ஒரு பக்கம் தடுக்க ஆள் இல்லையே. "சின்னது பலமானது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர முடியாது, எத்தனை மணி, எந்த மாதிரி சுமை என்று கேட்டாக வேண்டும்.

கேள்வி: பல வருடம் ஓடிய அழுத்தக் கலம். பெரிய துண்டு வெட்டி எடுக்க வழியில்லை. கைவசம் இருப்பது பழைய சார்பி சோதனையின் உடைந்த பாதிகள் மட்டும். அதை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா? (பராமரிப்புப் பொறுப்பாளர்)

பதில்: சொல்லலாம். அந்தப் பாதிகளைத் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சார்பி என்பது வெட்டுவாய் போட்ட சின்னத் துண்டை ஊசல் சுத்தியலால் ஒரே அடியில் உடைக்கிற சோதனை, அந்தப் பாதிகள் 10 மி.மீ சதுரக் குறுக்குவெட்டு உள்ளவை. ஒரு பாதியிலிருந்தே 4 மி.மீ தடிமனில் குட்டித் துண்டுகள் பல எடுக்கலாம், உலைக் கல எஃகுகளுக்கு இந்த முறை ஏற்கெனவே இருக்கிறது.

ஆனால் கிடைத்த எண்ணை அப்படியே கலத்தின் மேல் போடக் கூடாது. ஃபெரிட்டிக் எஃகு (சாதாரண கட்டுமான எஃகும் கல எஃகும் இந்த ரகம்) பிளந்து முறிகிற வெப்பநிலைப் பகுதியில், தடிமன் கூடினால் விரிசல் முனைக் கோட்டின் நீளம் கூடுகிறது, அதில் மோசமான ஒரு புள்ளி மாட்டும் வாய்ப்பும் கூடுகிறது. முன்னே சொன்ன சங்கிலிக் கணக்கு இங்கே எஃகுக்கே பொருந்துகிறது பாருங்கள். ஏ.எஸ்.டி.எம் இ1921 இதற்கு ஒரு திருத்தம் கொடுக்கிறது: அளந்த தாங்குதிறனில் (மெகாபாஸ்கல்-ரூட்-மீட்டரில்) 20-ஐக் கழித்து, மீதியைத் தடிமன் விகிதத்தின் (சோதித்த தடிமனை, வேண்டிய தடிமனால் வகுத்தது) நான்காம் மூலத்தால் பெருக்கி, மறுபடி 20-ஐக் கூட்டுங்கள். 4 மி.மீ துண்டில் 100 வந்தால் 25 மி.மீ-க்கு அது சுமார் 71. சின்னத் துண்டு முழுக்க நெகிழ்ந்துவிட்டதா என்பதற்கும் அதிலேயே ஒரு வரம்பு இருக்கிறது. அதைத் தாண்டிய எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அந்த முறை சொல்கிறபடி வரம்பு மதிப்பாக மாற்றித்தான் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரே ஒரு துண்டை நம்பாதீர்கள், எட்டுப் பத்தாவது உடையுங்கள், ஏனென்றால் இந்தப் பகுதியில் முடிவுகள் இயல்பாகவே நிறையச் சிதறும்.

கலம் எந்த வெப்பநிலையில் அழுத்தம் ஏற்றப்படுகிறது என்பதை நீங்கள் எழுதவில்லை. குளிர்ந்த நிலையில் நீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்கிற வழக்கம் இருந்தால், துண்டுகளை அந்த வெப்பநிலையை ஒட்டியும் உடைத்துப் பாருங்கள். எண்கள் வந்ததும் எழுதுங்கள், கேஜ் நீளம், தடிமன், வெப்பநிலை மூன்றையும் சேர்த்து.